மூக்கை ஏமாற்றும் சுத்தம்

திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் 2020 ஏப்ரல் முதல் வாரம் ஒரு நீளக் கூடாரம் எழும்பியது. காய்கறி வாங்க வந்தவர்கள் இரண்டு கைகளையும் தூக்கியபடி அதற்குள் நடந்து போனார்கள். உள்ளே குழாய்த் துளைகளிலிருந்து சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீர் பனித்தூவலாக இறங்கியது. சில நொடி நடைதான். மறுபக்கம் வந்தவர்களின் முகத்தில், ஏதோ ஒரு பெரிய ஆபத்தைக் கழுவிவிட்ட நிம்மதி. நாட்டின் முதல் கிருமிநாசினிச் சுரங்கப்பாதை என்று படங்களோடு செய்தி பரவ, சந்தைகள், பேருந்து நிலையங்கள், அலுவலகங்கள் என்று ஊர் ஊராக அதே கூடாரம் முளைத்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. சில நாட்களிலேயே மாநிலப் பொது சுகாதாரத் துறை, மனிதர்மேல் இப்படித் தெளிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் அதையே சொன்னது. கடைசியில் அந்த ஆண்டு நவம்பர் 5 அன்று, சுரங்கப்பாதைகளைத் தடுக்க ஆணை பிறப்பிக்கும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. காரணம் எளிமையானது. நோய்க்கிருமி தொண்டையிலும் நுரையீரலிலும் இருக்கிறது. சட்டையில் விழும் தூவல் அதை என்ன செய்யும்? கண்ணையும் தோலையும் மூச்சுக்குழலையும் எரிச்சல்படுத்துவதுதான் மிச்சம்.

திருப்பூரில் அதை அமைத்தவர்களைப் பழிப்பது நியாயமல்ல. பயந்து கிடந்த ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அது. ஆனால் அதே தவிப்பு கொஞ்சம் திசைமாறினால் எங்கே போய் நிற்கும் என்பதை உத்தரப் பிரதேசத்தின் பரேலி காட்டியது. அந்த மார்ச் இறுதியில் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, சாலையில் குந்தவைத்துக் குழாயால் ரசாயன நீரைப் பீய்ச்சினார்கள். பேருந்துகளுக்குச் செய்வதை மனிதர்களுக்குச் செய்தார்கள்.

தெளித்தால் தீரும், நெடி அடித்தால் சுத்தம் என்ற நம்பிக்கை கொரோனாவோடு வந்ததல்ல, கொரோனாவோடு போகவுமில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டில் முதலில் தேடப்படுவது பினாயில் பாட்டில். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் பள்ளிக் கழிப்பறையில் முதலில் கொட்டப்படுவதும் அதுவே. கல்யாண மண்டபம், ஆம்னி பேருந்து, வாடகை கார், திரையரங்கு என்று மூடிய இடங்கள் பெருகப் பெருக, அவற்றுக்குள் தெளிக்கும், மாட்டும், கொளுத்தும் வாசனைகளும் பெருகிவிட்டன. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் ஊருக்கும் உண்மையான தீங்கு செய்கிறது. நாற்றம் என்பது ஒரு தகவல். அது எங்கிருந்து வருகிறது என்று தேடாமல் அதன் வாயை மூடுவது, நோயைத் தேடாமல் காய்ச்சலை மட்டும் அடக்குவதைப் போன்றது.

மூக்கை நம்பியதற்கு மனிதனைக் குறை சொல்லவும் முடியாது. நோய்களே கெட்ட காற்றால் வருகின்றன என்றுதான் ஐரோப்பிய மருத்துவம் நூற்றாண்டுகளாக நம்பியது. ‘மலேரியா’ என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். 1858 கோடையில் லண்டனின் தேம்ஸ் ஆறு சாக்கடையாகி நாறியபோது, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைக் குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாற்றம் உள்ளே வராவிட்டால் நோயும் வராது என்ற கணக்கு.

அதே நம்பிக்கை சில சமயம் பெரும் உண்மைகளுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறது. வியன்னா பொது மருத்துவமனையில் 1847இல் பிரசவித்த பெண்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதை அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கவனித்தார். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் அந்தக் கைகளில் பிணவாடை நின்றது. அந்த வாடையைப் போக்கவல்லது எது என்று தேடித்தான் குளோரின் சுண்ணாம்பைத் தேர்ந்தெடுத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த மரணம் அந்தக் கோடையிலேயே 2 சதவீத அளவுக்கு இறங்கியது. கிருமி என்ற ஒன்றை அவர் அறியவில்லை. வாடையைத் துரத்தப் போய்க் கிருமியைக் கொன்றார்.

அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் கதையும் நாற்றத்திலிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடையின் நாற்றத்தைக் குறைக்கக் கார்பாலிக் அமிலம் சேர்க்கிறார்கள், அந்தக் கழிவுநீர் பாயும் நிலத்தில் மேயும் மாடுகளுக்கு நோய் குறைகிறது என்று கேள்விப்பட்டார். 1865இல் கிளாஸ்கோவில், வண்டி ஏறிக் கால் எலும்பு வெளியே தெரிய முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தில் அதைப் பூசினார். கால் தப்பியது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அதன் அடுத்த பகுதிதான் இன்று அதிகம் நினைவுகூரத் தக்கது. காற்றிலும் கிருமி இருக்கிறதே என்று கருதிய லிஸ்டர், அறுவை அறை முழுக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பனித்தூவலாக அடிக்கும் கருவியைக் கொண்டுவந்தார். மருத்துவரும் செவிலியரும் நோயாளியும் சேர்ந்து அதைச் சுவாசித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 1890இல் பெர்லின் மாநாட்டில், காற்றில் தெளிக்கச் சொன்னதற்காக வெட்கப்படுகிறேன் என்று அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். திருப்பூர் கூடாரத்துக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாடம் படிக்கப்பட்டுவிட்டது.

செவிலியர் பணியின் முன்னோடி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இன்னும் முந்திக்கொண்டார். நோயாளியின் அறைக் காற்று வெளிக்காற்றைப் போலத் தூய்மையாக இருப்பதே முதல் விதி என்றும், புகைமூட்டத்தையும் கிருமிநாசினியையும் நம்பிக் காற்றைச் சுத்தமாக்க நினைக்கக் கூடாது, நாறும் பொருளையே அகற்ற வேண்டும் என்றும் 1859இல் எழுதிய நூலில் அவர் வலியுறுத்தினார். அவருக்கும் கிருமி பற்றித் தெரியாது. ஆனாலும் அந்த அறிவுரையில் இன்றுவரை திருத்த ஒன்றுமில்லை.

அதை மறந்த ஒரு நாடு கொடுத்த விலை மிகப் பெரியது. தென்கொரியாவில் குளிர்காலத்தில் வீட்டுத் தரையைச் சூடாக்குவார்கள், அறை வறண்டுபோகும். அதற்காகத் தண்ணீரை நுண்துளியாக்கிக் காற்றில் விடும் ஈரப்பதமூட்டிகளை வைப்பார்கள். அந்தக் கருவியின் தொட்டியில் பாசி பிடிக்கும், வாடை வரும். அதைத் தடுக்க 1994 முதல் ஒரு புதுச் சரக்கு கடைக்கு வந்தது. தொட்டித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றினால் போதும் என்றார்கள். குழந்தைக்கும் பாதுகாப்பானது என்று பாட்டிலிலேயே அச்சிட்டார்கள். பிள்ளை பெற்ற வீடுகளில்தான் அதிகம் வாங்கினார்கள், குழந்தையின் அறை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதால். 2011 வசந்தத்தில் சியோல் மருத்துவமனை ஒன்றில், காரணம் புரியாமல் நுரையீரல் இறுகிப்போன இளம் பெண்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் அண்மையில் பிரசவித்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் அரசு விசாரணை இந்த பாட்டில்களைச் சுட்டியது. தரையில் துடைத்தால் பெரிய ஆபத்தில்லாத ஒரு கிருமிநாசினி, நுண்துளியாகி இரவு முழுக்க நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் ஆக்சிஜன் உருளையோடு வாழ்கிறார்கள். தயாரித்து விற்றவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். தாய்மார்கள் தங்கள் கையாலேயே ஊற்றினோமே என்று அழுதது அந்த நாட்டின் ஆறாத புண்.

தொடுவதற்குப் பாதுகாப்பானது சுவாசிப்பதற்கும் பாதுகாப்பானது என்று பொருளல்ல. இந்த ஒரு வரியை நம்மூர்க் கிருமிநாசினி பாட்டில் ஒவ்வொன்றின்மீதும் தமிழில் அச்சிட வேண்டும்.

நம்மூர் பாட்டில்கள் என்றதும் தெருவில் வண்டியில் வரும் குரல் நினைவுக்கு வரும்: பினாயில், ஆசிட், சோப் ஆயில். அது பலருக்குச் சோறு போடும் தொழில். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பல ஊர்களில் பினாயில் தயாரிக்கின்றன. கறுப்புப் பினாயில் நிலக்கரித் தார் எண்ணெயிலிருந்து வருவது. வெள்ளைப் பினாயில் பைன் எண்ணெயையும் அதைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருளையும் கொண்டது. ‘காம்பவுண்ட்’ என்று விற்கும் அடர்கலவையை வாங்கித் தண்ணீர் சேர்த்தால் பால்போல வெளுக்கும். வாங்குபவர் பார்ப்பது அந்த வெளுப்பையும் நெடியையும் மட்டுமே. எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, கிருமியைக் கொல்லும் வீரியம் மிச்சமிருக்கிறதா என்பதை மூக்கு சொல்லாது. குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த பினாயிலும் ஆசிட்டும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது தனி ஆபத்து. அமில விற்பனையை ஒழுங்குபடுத்த 2013இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும், கழிவறை ஆசிட் பல தெருக்களில் லேபிள் இல்லாமல் கைமாறுகிறது.

வீரியமான மருந்தே கிடைத்தாலும் பாதி வேலை அதன் கையில் இல்லை. கிருமிநாசினிக்கு நேரம் வேண்டும். மேற்பரப்பு சில நிமிடங்களாவது ஈரமாக நிற்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்தால் வாசனை மட்டுமே தங்கும். அதற்கும் முன்னால் அழுக்குப் போக வேண்டும். சளி, மலம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை குளோரினைத் தாமே தின்றுவிடும். அடியில் இருக்கும் கிருமிக்கு எதுவும் போய்ச் சேராது. ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்ப்பது, பிறகு வெறும் தண்ணீர், அதற்கப்புறம்தான் மருந்து. அரசு மருத்துவமனைகளுக்கு மூன்று வாளி முறையைப் பயிற்றுவிப்பது இதற்காகவே. ஒரே வாளியில் ஒரே துடைப்பானை முக்கிக் கழிவறையையும் வார்டையும் துடைத்தால், அங்கே நடப்பது கிருமி நீக்கமல்ல, கிருமி விநியோகம். பெரும்பாலான வீடுகளுக்கு அன்றாடம் முதல் இரண்டு படிகளே போதும். யாருக்காவது வயிற்றுப்போக்கு, வாந்தி, ரத்தக் கசிவு இருந்தால் மூன்றாவது படி அவசியம். கொரோனா காலத்தில் கதவுப்பிடியைத் துடைத்துத் துடைத்துக் கை வெந்தவர்கள் ஏராளம். கிருமி படிந்த மேற்பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு ஒவ்வொரு தொடலுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கணித்துச் சொன்னது.

மருந்துகளைக் கலக்கும் பழக்கம் இன்னும் கொடியது. இரண்டு மருந்து ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம் என்று பலர் மனதாரச் செய்கிறார்கள். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் படைவீரர்கள்மேல் திறந்துவிடப்பட்ட அதே வாயு. காற்றுப் போக்கு இல்லாத நாலடிக்கு நாலடி கழிவறையில், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்க்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே அது எழும்புகிறது. சிறுநீர் தேங்கிய இடத்தில் அம்மோனியா இருக்கும். அங்கே பிளீச் ஊற்றினாலும் மூச்சைத் தாக்கும் வாயுக்கள் உண்டாகும். இதைச் சொல்லும் எச்சரிக்கை பாட்டிலில் இருந்தாலும் அது பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் கைகளோ அந்த எழுத்தை வாசிக்க வாய்ப்புக் கிடைக்காத கைகள்.

ஆசிட்டை அளவில்லாமல் ஊற்றினால் இன்னொரு கேடும் உண்டு. அது சிமெண்டையும் ஓடுகளுக்கு இடையே உள்ள பூச்சையும் அரித்துச் சொரசொரப்பாக்கும். அந்தச் சொரசொரப்பில் சிறுநீர் இன்னும் நன்றாகத் தங்கும். நாற்றம் கூடும். இன்னும் ஆசிட் ஊற்றுவார்கள்.

அப்படியானால் நாற்றம் எங்கிருந்துதான் வருகிறது? அனுபவமுள்ள பிளம்பர் ஒருவரை வீட்டுக்குள் அழைத்துப்போனால் அவர் மோப்பம் பிடிக்கும் முதல் இடம் குளியலறைத் தரையின் சல்லடை மூடி. அதன் அடியில் ‘நானி டிராப்’ என்று அவர்கள் சொல்லும் கிண்ணம் இருக்கும். அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயு மேலே வராமல் தடுக்கும் கதவு. விருந்தினர் குளியலறையைப் பத்து நாள் பூட்டி வைத்தால், கோடையில் அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும், கதவு திறந்துகொள்ளும். வீட்டுக்காரர்கள் வாசனைக் கட்டி வாங்கி மாட்டுகிறார்கள். தேவைப்பட்டது ஒரு குவளைத் தண்ணீர்.

மற்றவையும் இப்படித்தான். போர் தண்ணீரின் உப்பு கழிவறைக் கோப்பையில் படிந்து, அந்தப் படிவில் சிறுநீர் ஊறியிருக்கும். படிவைச் சுரண்டினால் வாடை போகும். சுவரை ஒட்டிய பீரோவின் முதுகில் பூஞ்சை பூத்திருக்கும். பீரோவை நாலு விரல் தள்ளிப் போட்டு, கசியும் குழாயைச் சரிசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் அறைக்குள் காயவைத்த துண்டில் வரும் புளித்த வாடை, ஈரத்தில் பெருகிய பாக்டீரியாவினுடையது. வெயில் அதற்கு மருந்து. மீன் கழுவிய பாத்திரத்தின் கவிச்சையைப் புளியும் எலுமிச்சையும் போக்குவது கைப்பக்குவம் மட்டுமல்ல, வேதியியலும்கூட: கவிச்சைக்குக் காரணமான அமீனை அமிலம் கட்டிப்போட்டுவிடுகிறது. இது மூடி மறைப்பதல்ல, மூலத்தையே மாற்றுவது. நம் சமையலறை எப்போதோ கற்றுக்கொண்ட இந்த வித்தியாசத்தைக் கழிவறையும் படுக்கையறையும் இன்னும் கற்கவில்லை.

மூடி மறைக்கும் பொருட்களின் பட்டியலோ நீளம். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலீன். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். ஐரோப்பிய ஒன்றியம் அதை 2008இல் விலக்கியது. ஜி-6-பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு பத்திரப்படுத்திய துணியைச் சுற்றினாலே சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். பாட்டி ஆசையோடு எடுத்து வைத்த பழம்புடவையில் பிறந்த குழந்தையைக் கிடத்துகிற ஊர் இது. அந்தப் புடவையைத் துவைத்து வெயிலில் உலர்த்திவிட்டுக் கிடத்தவேண்டும் என்று ஒவ்வொரு பிரசவ வார்டிலும் சொல்ல வேண்டாமா? அந்துப்பூச்சியை விரட்ட வசம்பும் காய்ந்த வேப்பிலையும் கட்டிய துணி முடிச்சு அந்தப் பெட்டியில் இருந்த காலமும் உண்டு.

கழிவறையில் தொங்கும் வாசனைக் கட்டிகள் சிலவற்றில் இருக்கும் பாராடைகுளோரோபென்சீனும் அதே வகைப்பாட்டில் வருவதே. தெளிப்பான்களில் உள்ள எலுமிச்சை, பைன் மணங்கள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து சிறிதளவு ஃபார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் உண்டாக்குகின்றன. ஜன்னல் மூடிய அறையில் இது சேர்ந்துகொண்டே போகும். கொசுவத்திச் சுருளைப் பற்றி 2003இல் வந்த ஆய்வு ஒன்று, சீனத்திலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்தது. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கண்டது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் இதே குடும்பம்தான். வெள்ளிக்கிழமை மாலையில் வீடெங்கும் கமழும் சாம்பிராணியை வேண்டாம் என்று சொல்வதற்கு யாருக்கும் மனம் வராது. அது மணம் மட்டுமல்ல, நினைவும் பக்தியும். கேட்பதெல்லாம் இரண்டுதான்: ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள், தலைக்குக் குளித்த பச்சைக் குழந்தையைப் புகைமேல் பிடிக்காதீர்கள்.

ஜன்னல் என்று சொன்னால் பலருக்குச் சாதாரணமாகத் தோன்றும். பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்துவைத்த அறைகளில் ஒரு மணி நேரத்தில் 28 முறை காற்று மாறியது. பணம் கொட்டி இயந்திரக் காற்றோட்டம் அமைத்த அறைகளில் 12 முறை. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட, ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பழங்கட்டடங்களில் 40 முறை. காசநோய் பரவும் ஆபத்து அந்தப் பழைய கட்டடங்களில்தான் மிகக் குறைவு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உலகக் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் வாழும் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி. காசநோய் காற்றில் பரவுவது. தரையில் எத்தனை பாட்டில் பினாயில் ஊற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது மாத்திரை எதுவும் இல்லை. காற்றும் வெளிச்சமும் ஓய்வும் உணவுமே சிகிச்சை. இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம்.

முற்றமும் தாழ்வாரமும் கதவுக்கு மேலே வெண்டிலேட்டரும் வைத்துக் கட்டிய மண்ணில், இன்று புதிதாக எழும் அடுக்குமாடிகளின் குளியலறை ஜன்னல், இரண்டடி அகல இருட்டுச் சந்துக்குள் திறக்கிறது. அந்தச் சந்தின் காற்று பத்து வீட்டுக் கழிவறைகளுக்கும் பொது. ஏ.சி. போட்டதால் படுக்கையறை ஜன்னல்களும் திறக்கப்படுவதில்லை. கட்டடம் கட்டும்போதே மூச்சை அடைத்துவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க வாசனை வாங்கி ஊற்றுகிறார்கள். வரைபட அனுமதியின்போதே இதைக் கண்டிப்பாகப் பார்த்தால் எத்தனையோ தெளிப்பான்களுக்கு வேலையே இருக்காது.

வெள்ளம் வடிந்த தெருக்களிலும், தலைவர்கள் வரும் சாலைகளிலும் இருபுறமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவதை அனைவரும் பார்த்திருப்பார்கள். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரைந்து, அளவோடு, போதுமான நேரம் நின்றால்தான் வேலை செய்யும். மண்ணின்மேல் உலர்ந்து கிடக்கும் பொடி, காற்றுக்கும் வெயிலுக்கும் வீரியத்தைக் கொடுத்துவிட்டு வெறும் சுண்ணாம்பாக மிஞ்சும். அதே மூட்டை குடிநீர்த் தொட்டிக்குப் போயிருந்தால் ஒரு ஊரின் வயிற்றுப்போக்கைத் தடுத்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் வீடுகளைக் காப்பாற்றியவர்கள் சேற்றை மண்வெட்டியால் அள்ளியவர்களும், ஊறிய மெத்தைகளைத் தூக்கி வெளியே போட்டவர்களும்தான். அவர்களில் பெரும்பாலோர் தூய்மைப் பணியாளர்கள். பிற மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாக வந்தவர்கள்.

நாற்றத்தை மூடும் சமூகம் தானே சுவாசிக்க மறுப்பதை, இவர்களைத்தான் சுவாசிக்க வைக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். உள்ளே இறங்கியவருக்கு நாற்றம் நின்றுபோனதாகத் தோன்றும் நொடியில்தான் மரணம் மிக அருகில் இருக்கும். சமையல் எரிவாயுவுக்குத் தானாக வாடை இல்லாததால், கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாறும் பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். வீட்டுக்காரரின் உயிருக்காக நாற்றத்தைச் செயற்கையாகச் சேர்க்கும் அக்கறை, தொட்டிக்குள் இறக்கப்படுபவர்மீது ஏன் இல்லை? சாக்கடையில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதர்களை அதற்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருந்தது.

இத்தனைக்கும் பிறகு உடனடியாகத் திருத்தக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது பள்ளிக் கழிப்பறை. அதன் நாற்றத்துக்குப் பயந்து காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவிகள் எத்தனையோ பேர். சிறுநீர்ப்பாதைத் தொற்றோடு அவர்கள் மருத்துவரிடம் வரும்போதுதான் வீட்டுக்கே தெரிகிறது. அங்கே தேவைப்படுவது கூடுதல் பினாயில் அல்ல. குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர், கூரைக்குக் கீழே காற்றுப்போக்கு, தண்ணீர் தேங்காத சரிவான தரை, தினம் இரண்டு முறை தேய்ப்பதற்கு முழுச் சம்பளத்தோடு ஒரு பணியாளர், அவருக்குக் கையுறையும் காலணியும், எதை எதோடு கலக்கக் கூடாது என்று தமிழில் எழுதி ஒட்டிய ஒரு அட்டை. இவற்றில் எதுவும் அரிய தொழில்நுட்பம் இல்லை.

அடுத்த முறை ஆய்வுக்குப் போகும் அதிகாரி வாசலில் நின்று மூக்கால் மதிப்பெண் போடாமல், உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பார்க்கட்டும். வெண்டிலேட்டரைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்களா என்று அண்ணாந்து பார்க்கட்டும். திரும்பும்போது, ஓரமாக ஒதுங்கி நிற்கும் அந்தத் துப்புரவு அம்மாவிடம் உள்ளங்கையைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும்.